க்ளாகோல்ஸ்கி ப்ரிலோக்: ஜெரண்டா, பார்ட்டிசிப்பிளா, வினையெச்சமா?

கேட்டவர் செர்பிய மொழி பயில்கிறார். தன் குறிப்பேட்டுக்காகச் செர்பியம், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் ஓர் இலக்கணச் சொற்பட்டியல் தொகுக்கிறார். 'க்ளாகோல்ஸ்கி ப்ரிலோக்' என்ற சொல் வந்ததும் சிக்கிக்கொண்டார். ஒரு நூல் அதை 'ஜெரண்ட்' என்கிறது, இன்னொன்று 'பார்ட்டிசிப்பிள்' என்கிறது, மூன்றாவது 'வெர்பல் அட்வெர்ப்' என்கிறது. எது சரி? ஆங்கில இலக்கணத்தில் வரும் 'ஜெரண்ட்' என்ற சொல்லைச் செர்பியத்தில் எழுத இதே சொல்லைப் போடலாமா? தமிழில் வினையெச்சம் என்று எழுதிவிட்டால் போதுமா? இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஓர் இலக்கண வடிவத்துக்கு இன்னொரு மொழியில் என்ன பெயர் என்பது முதலாவது. அந்த வடிவம் வாக்கியத்தில் வரும்போது அதை எப்படி மொழிபெயர்ப்பது என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே பதிலால் தீர்க்கப் பார்ப்பதால்தான் அகராதிகள் ஆளுக்கொன்று சொல்வதுபோலத் தெரிகிறது.

முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். 'க்ளாகோல்' என்றால் வினை, 'ப்ரிலோக்' என்றால் வினையடை. இரண்டும் சேர்ந்து, வினையிலிருந்து பிறந்து வினையடைபோல் வேலை செய்யும், திரிபு ஏற்காத வடிவத்தைக் குறிக்கின்றன. ஆங்கிலத்தில் 'வெர்பல் அட்வெர்ப்' என்பதே நேர்ப்பெயர். பட்டியலில் அதை எழுதுங்கள். 'ஜெரண்ட்' என்பதைப் பழைய நூல்களைப் படிக்கும்போது அடையாளம் தெரிவதற்காக மட்டும் பக்கத்தில் குறித்து வையுங்கள். திரும்பும் வழியில், அதாவது ஆங்கில 'ஜெரண்ட்'டுக்குச் செர்பியமாக, 'க்ளாகோல்ஸ்கி ப்ரிலோக்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

இந்த வடிவம் இரண்டு வகை. 'ஸாதாஷ்ஞி' என்பது நிகழ்காலத்துக்கு உரியது, 'ப்ரோஷ்லி' என்பது இறந்தகாலத்துக்கு உரியது. (செர்பியத்தில் 'ச்' ஒலி இரண்டு உண்டு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தப் பதிலில் '-ச்சி' என்று முடியும் சொற்களின் ஈற்றில் இருப்பதெல்லாம் மென்மையான ச்.) முதல் வகையை ஆக்குவது எளிது. வினையின் நிகழ்காலப் படர்க்கைப் பன்மையை எடுத்து '-ச்சி' சேர்க்க வேண்டும். 'சித்தாயு' (படிக்கிறார்கள்) என்பது 'சித்தாயுச்சி' ஆகும். 'ராதே' (வேலை செய்கிறார்கள்) 'ராதெச்சி' ஆகும். 'பிஷு' (எழுதுகிறார்கள்) 'பிஷுச்சி' ஆகும். இரண்டாம் வகைக்குப் பாடநூல்கள் பகுதியின் ஈறு உயிரா மெய்யா என்று பார்த்து '-வ்ஷி', '-ஆவ்ஷி' என்று இரண்டு விதி தருகின்றன. அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று இருக்கிறது. இறந்தகாலத்தில் வரும் ஆண்பால் ஒருமை வடிவத்தின் கடைசி 'ஓ'வை நீக்கி '-வ்ஷி' சேர்த்தால் பெரும்பாலான வினைகளுக்குச் சரியாக வரும். 'ப்ரொச்சித்தாஓ' என்பது 'ப்ரொச்சித்தாவ்ஷி' (படித்து முடித்து), 'ரெக்காஓ' என்பது 'ரெக்காவ்ஷி' (சொல்லிவிட்டு), 'தோஷாஓ' என்பது 'தோஷாவ்ஷி' (வந்து). 'தோச்சி', 'ரெச்சி' போல வினையெண் (இன்ஃபினிட்டிவ்) வடிவத்திலிருந்து தொடங்கினால் தடுமாறும் வினைகள்கூட இந்த வழியில் தடுமாறுவதில்லை. பழைய எழுத்தில் ஈற்று 'ஷி' இல்லாமல் 'ரெக்காவ்' என்று நிற்பதையும் பார்க்கலாம். பொருள் அதேதான்.

இங்கே மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, வினையின் நிலையைக் கவனிக்காமல் ஈற்றை ஒட்டுவது. செர்பிய வினைகள் முற்றிய நிலை, முற்றாத நிலை என்று இரட்டையாக நிற்பவை. 'சித்தாத்தி' படித்துக்கொண்டிருப்பது, 'ப்ரொச்சித்தாத்தி' படித்து முடிப்பது. '-ச்சி' வடிவம் முற்றாத வினையிலிருந்துதான் பிறக்கும். 'ப்ரொச்சித்தாயுச்சி' என்று எழுதினால் செர்பியர் காதுக்கு அது சொல்லாகவே படாது. '-வ்ஷி' வடிவம் பெரும்பாலும் முற்றிய வினையிலிருந்து வரும். முற்றாத வினையிலிருந்தும் சில நேரம் வரும், ஆனால் அரிது. முதலாவதை விதியாகவும் இரண்டாவதைப் போக்காகவும் நினைவில் வையுங்கள்.

'நிகழ்கால', 'இறந்தகால' என்ற பெயர்களும் கொஞ்சம் ஏமாற்றும். இவை பேசும் நேரத்தை ஒட்டிய காலங்கள் அல்ல, முதன்மை வினையை ஒட்டியவை. '-ச்சி' என்றால் முதன்மை வினை நடக்கும்போதே நடப்பது, '-வ்ஷி' என்றால் அதற்கு முன்பே முடிந்தது. முதன்மை வினை இறந்தகாலமானாலும் எதிர்காலமானாலும் '-ச்சி' மாறாது. 'இதுச்சி உலித்ஸொம், ஸ்ரெஓ யே ப்ரியாத்தெல்யா' (தெருவில் நடந்துபோகையில் நண்பரைச் சந்தித்தார்) என்ற வாக்கியத்தில் நண்பரைச் சந்தித்தது நேற்றே முடிந்துபோன செய்தி. இருந்தும் 'இதுச்சி' என்ற நிகழ்கால வடிவம் வருகிறது, ஏனென்றால் தெருவில் நடந்துகொண்டிருந்தபோதுதான் சந்திப்பு நிகழ்ந்தது. சொற்பட்டியலில் 'உடன்நிகழ்வு', 'முன்நிகழ்வு' என்று ஒரு குறிப்புச் சேர்த்தால் பின்னால் நிறையக் குழப்பம் மிச்சமாகும்.

ஆங்கில நூல்களில் 'ஜெரண்ட்' எங்கிருந்து வந்தது? லத்தீனிலிருந்து. லத்தீனில் ஜெரண்ட் ஒரு தொழிற்பெயர், வேற்றுமை ஏற்பது. அதன் ஐந்தாம் வேற்றுமை வடிவமான 'ஸ்க்ரீபெண்டோ', அதாவது 'எழுதுவதால், எழுதி' என்பது, பிற்கால இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் தனி வினையடை வடிவமாக நிலைத்தது. அதற்கு அங்கே 'ஜெருண்டியோ', 'ஹெருண்டியோ' என்று பெயர். ஆங்கிலத்தில் ரஷ்ய இலக்கணம் எழுதியவர்கள் அந்தப் பொருளைக் கொண்டு ரஷ்ய வினையடை வடிவத்துக்கு 'ஜெரண்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஸ்லாவிய மொழி நூல்களில் அது அப்படியே பரவியது. ஆனால் ஆங்கில மொழியின் சொந்த இலக்கணத்தில் 'ஜெரண்ட்' லத்தீனின் மூலப்பொருளோடு ஒட்டியே நின்றுவிட்டது. அங்கே அது பெயர்போல வரும் '-இங்' வடிவம். ஆக ஒரே சொல் இரண்டு மரபுகளில் ஏறக்குறைய எதிரெதிர் வேலைகளைக் குறிக்கிறது. 'ஜெரண்ட்' என்று எழுதியவர் தவறு செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் ஸ்லாவிய மரபில் எழுதினார். அதைப் படிப்பவர் ஆங்கில இலக்கணம் கற்றவராக இருந்தால்தான் தவறு நேர்கிறது.

'பார்ட்டிசிப்பிள்' வந்த வழி வேறு. பழைய ஸ்லாவியத்தில் இந்த வடிவங்கள் பால், எண், வேற்றுமை ஏற்று, பெயரைத் தழுவி நின்றவை. அப்போது அவை பார்ட்டிசிப்பிளேதான். செர்பியத்தில் திரிபுகள் உதிர்ந்து, ஒரே வடிவம் உறைந்து வினையடையாகிவிட்டது. வரலாற்றைச் சொல்லும் இடத்தில் அந்தப் பெயர் பொருந்தும். இன்றைய மொழிக்கு அதைச் சொன்னால் இரண்டு கெடுதல்கள் உண்டு. ஒன்று, செர்பியத்தில் பார்ட்டிசிப்பிள் என்ற பெயருக்கு உரிய வேறு இரண்டு வடிவங்கள் ஏற்கெனவே இருக்கின்றன: 'க்ளாகோல்ஸ்கி ப்ரிதேவ் ராத்னி', 'க்ளாகோல்ஸ்கி ப்ரிதேவ் த்ருப்னி'. 'ப்ரிதேவ்' என்றால் பெயரடை. முன்னது செய்வினைக்கு, பின்னது செயப்பாட்டுவினைக்கு. 'நாப்பிஸாஓ ஸாம் பிஸ்மோ' (கடிதம் எழுதியிருக்கிறேன்) என்பதில் இருப்பது ராத்னி. 'பிஸ்மோ யே நாப்பிஸானோ' (கடிதம் எழுதப்பட்டுள்ளது) என்பதில் இருப்பது த்ருப்னி. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் 'ரிட்டன்' என்ற ஒரே வடிவம்தான். ஆகவே ஆங்கிலப் 'பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்' வந்தால் எந்த ப்ரிதேவ் என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இதையும் பட்டியலில் தனி வரியாகச் சேருங்கள்.

இரண்டாவது கெடுதல் இன்னும் பெரியது. பார்ட்டிசிப்பிள் என்று கற்ற மாணவர், ஆங்கிலத்தில் செய்வதுபோலப் பெயரைத் தழுவ இதைப் பயன்படுத்தப் பார்ப்பார். 'நாளிதழ் படிக்கும் மனிதர்' என்பதை ஆங்கிலம் '-இங்' வடிவத்தால் சொல்லிவிடும். அதைப் பார்த்து 'சோவெக் சித்தாயுச்சி நோவினே' என்று எழுதினால் செர்பியத்தில் பிழை. 'சோவெக் கொயி சித்தா நோவினே' என்று 'எவர்' என்னும் இணைப்புச் சொல் வைத்த துணைவாக்கியமாகத்தான் சொல்ல முடியும். ரஷ்யத்தில் இதற்குத் தனிப் பெயரெச்ச வடிவம் உண்டு. ரஷ்யம் தெரிந்து செர்பியத்துக்கு வருபவர்களும் இதே இடத்தில் வழுக்குகிறார்கள். தமிழர்களுக்கு இது புரிய வைக்க எளிது. 'படித்து', 'படித்துக்கொண்டு' என்பவற்றை மனிதருக்கு முன்னால் அடையாக வைக்க முடியாதல்லவா, 'படிக்கும்' என்ற பெயரெச்சம்தானே வேண்டும்? செர்பிய '-ச்சி' வடிவம் வினையெச்சப் பக்கம் நிற்பது. பெயரெச்சப் பக்கம் செர்பியத்தில் ஏறக்குறைய காலி.

'ஏறக்குறைய' என்று சொல்லக் காரணம், உறைந்துபோன சில சொற்கள் உண்டு. 'புதுச்சி' (வருங்கால), 'இதுச்சி', 'ஸ்லெதெச்சி' (இரண்டும் 'அடுத்த'), 'வோதெச்சி' (முன்னணியில் உள்ள), 'தெக்குச்சி' (ஓடும், நடப்பு), 'பிவ்ஷி' (முன்னாள்) ஆகியவை வினையடையாகப் பிறந்து முழுப் பெயரடையாக மாறிவிட்டவை. இவை பால், வேற்றுமைக்கு ஏற்பத் திரியும். 'பிவ்ஷா யூகோஸ்லாவியா' என்று செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். 'தெக்குச்சா வோதா' என்றால் ஓடும் நீர், 'தெக்குச்சி ராச்சூன்' என்றால் வங்கி நடப்புக் கணக்கு. சோதனை எளிது: பக்கத்திலுள்ள பெயரைப் பெண்பாலாக்கிப் பாருங்கள். சொல்லின் ஈறும் மாறினால் பெயரடை, மாறாமல் நின்றால் வினையடை. 'பிஸாச்சி ஸ்தோ' (எழுதும் மேசை) என்பது இந்தக் குடும்பமே அல்ல. அதன் அடி வினையெண் வடிவமான 'பிஸாத்தி'. வினையடை 'பிஷுச்சி' என்றிருக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் 'ரைட்டிங்' ஆகிவிடுவதால் ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. இன்னும் ஓரிரண்டு, இடைச்சொல்லாகவே போய்விட்டன: 'புதுச்சி தா' என்றால் 'என்பதால்', 'ஸாஹ்வால்யுயுச்சி' என்றால் 'இன்னாருடைய தயவால்'. இவற்றை வினையடையாக மொழிபெயர்த்தால் வாக்கியம் கெட்டுவிடும்.

இனி ஆங்கில 'ஜெரண்ட்'டைச் செர்பியத்துக்குக் கொண்டுபோவது. பெயர் அளவில் என்றால், அதாவது ஆங்கில இலக்கணத்தைச் செர்பியத்தில் விளக்கும்போது, 'கெருந்த்' என்ற சொல்லே போதும். செர்பியர்கள் ஆங்கிலப் பாடத்திலும் லத்தீன் பாடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். வடிவத்தைப் பெயர்க்கும்போது முதலில் நினைக்க வேண்டியது 'க்ளாகோல்ஸ்கா இமெனித்ஸா', அதாவது தொழிற்பெயர்: 'சித்தாஞே' (படித்தல்), 'பிஸாஞே' (எழுதுதல்). பொதுவாக முற்றாத வினையிலிருந்து '-ஞே' ஈற்றால் ஆகும். ஒரு முக்கிய வேறுபாடு: ஆங்கில ஜெரண்ட் செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும், செர்பியத் தொழிற்பெயர் ஏற்காது. புத்தகம் படித்தல் என்பது 'சித்தாஞே க்ஞிகே', 'புத்தகத்தினது படித்தல்' என்பதுபோல, ஆறாம் வேற்றுமையில். இதை மறந்து இரண்டாம் வேற்றுமையில் 'க்ஞிகு' என்று எழுதுவது தொடக்கநிலைப் பிழைகளில் முதலிடம் பெறும்.

எல்லா இடத்திலும் தொழிற்பெயர் பொருந்தாது. 'எனக்குப் படிக்கப் பிடிக்கும்' என்ற பொருளில் ஆங்கிலம் ஜெரண்ட் போட்டால், செர்பியம் 'வோலிம் தா சித்தாம்' என்று 'தா' சேர்த்த வாக்கியமாக்கும். 'கிளம்புமுன்' என்பது 'ப்ரே போலாஸ்கா' என்று வேறொரு பெயர்ச்சொல்லால் வரும். ஆனால் ஆங்கிலத்தில் 'பை', 'வித்அவுட்' போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின் ஜெரண்ட் வந்தால், அங்கே செர்பிய வினையடை கச்சிதமாகப் பொருந்துகிறது: 'சித்தாயுச்சி நோவினே' (நாளிதழ் படித்து, படிப்பதன் மூலம்), 'நே க்லெதாயுச்சி' (பார்க்காமல்). இந்த ஒரு பகுதியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால்தான் அகராதிக்காரர்களுக்கு 'ஜெரண்ட்' தப்பாகப் படுவதில்லை.

இனி தமிழ்ப் பக்கம். வினையெச்சம் என்று எழுதலாம். 'வெர்பல் அட்வெர்ப்', 'ஜெரண்ட்' இரண்டையும்விட அது நெருக்கமானது. ஒத்துப்போகும் இடங்களில் மிக ஆழமாக ஒத்துப்போகிறது. செர்பியத்தில் வினையடையின் செய்பவரும் முதன்மை வினையின் எழுவாயும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது நெறி. தொல்காப்பியம் 'செய்து, செய்யூ, செய்பு' என்ற மூன்றும் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்று சொல்வது இதே நெறிதான். 'சித்தாயுச்சி பிஸ்மோ, ஸுஸே ஸு யோய் தெக்லே' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கடிதம் படிப்பவள் அவள், வழிவதோ கண்ணீர். செர்பிய ஆசிரியர் இதைச் சிவப்பு மையால் அடித்து, 'தோக் யே சித்தாலா பிஸ்மோ' (அவள் கடிதம் படித்துக்கொண்டிருந்தபோது) என்று திருத்துவார். தமிழிலும் 'கடிதத்தைப் படித்துக் கண்ணீர் வழிந்தது' என்றால் உறுத்தும். 'படிக்கப் படிக்கக் கண்ணீர் வழிந்தது' என்றால் உறுத்தாது. 'செய' என்னும் வாய்பாடு பிறிதின் வினையையும் ஏற்கும். அப்படி ஒரு வசதி செர்பியத்தில் இல்லை. எழுவாய் மாறினால் துணைவாக்கியம்தான்.

ஒத்துப்போகாத இடங்கள் இரண்டு. முதலாவது, 'செய்து' என்பது முன்நிகழ்வையும் வழிமுறையையும் சேர்த்தே சுமக்கிறது. 'நாளிதழ் படித்து ஆங்கிலம் கற்றார்' என்பதில் படிப்பு முன்பே முடிந்துவிடவில்லை. அங்கே செர்பியத்துக்கு '-ச்சி' வேண்டும். 'கடிதத்தைப் படித்து அழுதாள்' என்றால் படித்து முடித்த பிறகு, ஆகவே '-வ்ஷி': 'ப்ரொச்சித்தாவ்ஷி பிஸ்மோ, ஸாப்லாக்காலா யே'. தமிழில் ஒரே 'படித்து'. எனவே தமிழிலிருந்து போகும்போது ஒவ்வொரு முறையும், முடிந்த பிறகா, கூடவேயா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நடை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இலக்கணப்படி சரியாக இருந்தும் மொழிபெயர்ப்பு செயற்கையாவது இங்கேதான். தமிழில் வினையெச்சம் குழந்தையின் பேச்சிலும் வரும். 'எழுந்து, குளித்து, வேலைக்குப் போனான்' என்று எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். செர்பியத்தில் '-வ்ஷி' ஏட்டு நடை. கதை, வரலாறு, அலுவலக எழுத்து ஆகியவற்றில் வரும், வீட்டுப் பேச்சில் அபூர்வம். அந்தத் தமிழ் வாக்கியத்தைச் செர்பியத்தில் 'உஸ்தாஓ யே, ஒக்குப்பாஓ ஸே இ ஒத்திஷாஓ நா போஸாஓ' என்று மூன்று முற்றுவினைகளாக, எழுந்தான், குளித்தான், போனான் என்று அடுக்க வேண்டும். மேலே சொன்ன கடித வாக்கியத்தையும் பேச்சில் 'காத் யே ப்ரொச்சித்தாலா பிஸ்மோ' (கடிதத்தைப் படித்து முடித்ததும்) என்றுதான் சொல்வார்கள். '-ச்சி' அவ்வளவு கனமானதில்லை, பேச்சிலும் கேட்கலாம். ஆனாலும் ஒரு வாக்கியத்தில் ஒன்றுக்கு மேல் வந்தால் தட்டும். செர்பியத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அடுக்கிய முற்றுவினைகளை வினையெச்சமாக்கினால் தமிழ் தமிழாக இருக்கும். '-வ்ஷி' வந்த இடத்தில் 'படித்து' என்று மட்டும் எழுதினால் மூலத்தின் ஏட்டு நடை காணாமல் போகிறது. கதையில் அது பொருட்டாக இருந்தால், சொற்தேர்வில் ஈடு செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னவை பாடநூல்களுக்குள் பூசல் இல்லாதவை. கருத்து வேறுபாடு உள்ள இடங்களும் உண்டு. எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எழுத்து நெறி. நாளிதழ்களிலும் பேச்சிலும் அது மீறப்படுவதைத் தினமும் பார்க்கலாம், அதைப் பிழை என்பதா வழக்கு என்பதா என்பது எவரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அடுத்து, 'கான்வெர்ப்' என்ற பெயர். மங்கோலிய மொழியை ஆராய்ந்த ராம்ஸ்டெட் 1902-இல் அறிமுகப்படுத்திய இந்தச் சொல்லை, 1990-களில் ஹாஸ்பெல்மாத் போன்றவர்கள் பல மொழிகளுக்கும் பொதுவாக்கினார்கள். செர்பிய வினையடை, தமிழ் வினையெச்சம் இரண்டையும் ஒரே கூரைக்கீழ் கொண்டுவருவது இந்தப் பெயர்தான், கொள்கை அளவில் எனக்கும் அதுவே உகந்ததாகப் படுகிறது. ஆனால் மொழியியல் கட்டுரை எழுதாதவருக்கு அது பழக்கமில்லாத சொல். பயிலுநர் பட்டியலில் அடைப்புக்குள் இருந்தால் போதும். இன்னொன்று, நான் சொன்னவை செர்பியத் தரநடைக்குரியவை. வட்டார வழக்குகளுக்கும் பழைய திருச்சபை எழுத்துக்கும் இவற்றை அப்படியே பொருத்த வேண்டாம்.

உங்கள் பட்டியலில் நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன். 'க்ளாகோல்ஸ்கி ப்ரிலோக் ஸாதாஷ்ஞி': ஆங்கிலத்தில் 'பிரசென்ட் வெர்பல் அட்வெர்ப்', தமிழில் உடன்நிகழ்வு வினையெச்சம், 'செய்துகொண்டு, செய்கையில், செய்து'. 'ப்ரோஷ்லி': 'பாஸ்ட் வெர்பல் அட்வெர்ப்', முன்நிகழ்வு வினையெச்சம், 'செய்து, செய்துவிட்டு', ஏட்டு நடை. 'க்ளாகோல்ஸ்கா இமெனித்ஸா': 'வெர்பல் நவுன்', தொழிற்பெயர், ஆங்கில ஜெரண்டுக்கு முதல் தேர்வு. இரண்டு ப்ரிதேவ்களுக்கும் 'ஆக்டிவ்', 'பாஸிவ்' என்று பிரித்துப் பார்ட்டிசிப்பிள். இதில் ராத்னிக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டாம், 'இறந்தகால முற்று ஆக்கும் வடிவம்' என்று வேலையைச் சொல்லிவிடுவதே நல்லது. 'ப்ரிலோக்' என்ற சொல்லுக்கு மட்டும் தனியே ஒரு வரி ஒதுக்குங்கள். இலக்கணத்துக்கு வெளியே அது மின்னஞ்சலின் இணைப்பு, அறிக்கையின் பின்னிணைப்பு, நன்கொடை, உணவகப் பட்டியலில் தொட்டுக்கொள்ளத் தரும் துணை உணவு. 'உ ப்ரிலோகு' என்று தொடங்கும் அலுவலகக் கடிதத்தில் வினையடையைத் தேடாதீர்கள், கோப்பு இணைத்திருக்கிறார்கள்.